கர்ப்பகால உணவும் குழந்தையின் கவனமும்: ஆய்வுகள் எவ்வளவு தூரம் சொல்கின்றன?

[காட்சி: மும்பை, தாராவி 90 அடிச் சாலை. காலை நேரம். சீருடையில் பள்ளிக்கு விரையும் பிள்ளைகள்.]

குரல்: பையன் வகுப்பில் ஓரிடத்தில் உட்காருவதில்லை, எடுத்த வேலையை முடிப்பதில்லை என்று ஆசிரியர் சொல்லி அனுப்பும் நாளில், வீட்டில் பெரியவர்கள் யாராவது அவன் தாயைப் பார்த்து, "மாசமா இருந்தப்போ நீ ஒழுங்கா சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிடுகிறார்கள். கேட்டவர் மறந்துவிடுவார், அந்தத் தாய் மறப்பதில்லை. அந்தக் கேள்விக்கு இன்றைய மருத்துவ ஆய்வுகள் தரும் விடையை இந்த வீடியோவில் பொறுமையாகப் பார்ப்போம்.

கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறு, அதாவது ஏடிஎச்டி, என்பது வெறும் குறும்புத்தனம் அன்று. வயதுக்குப் பொருந்தாத அளவு கவனச்சிதறலோ துறுதுறுப்போ அவசரமோ குறைந்தது ஆறு மாதமாக நீடித்து, வீட்டில் மட்டுமோ பள்ளியில் மட்டுமோ அல்லாமல் இரண்டு இடங்களிலாவது தென்பட்டு, அன்றாட வாழ்வைக் குலைத்தால்தான் மருத்துவர் அந்தப் பெயரைச் சொல்வார். இரட்டைக் குழந்தைகளை ஒப்பிட்ட ஆய்வுகளின்படி, இவ்விஷயத்தில் குழந்தைகளுக்கிடையே காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 70 முதல் 80 சதவீதம் பரம்பரையோடு தொடர்புடையது. உணவைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு நிமிடமும் இந்த எண்ணை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

[காட்சி: வெள்ளைப் பலகையில் இரண்டு வரிசைப் பொம்மைகள். ஒவ்வொன்றிலும் நூறு.]

குரல்: 2025ஆம் ஆண்டு வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்று பரவலாகப் பேசப்பட்டது. 508 தாய்மார்களின் கர்ப்பகால உணவைப் பதிவுசெய்து, அவர்களுடைய பிள்ளைகளைப் பத்து வயதில் நேரடியாகப் பரிசோதித்த அந்த ஆய்வு, கொழுப்பும் சர்க்கரையும் பதப்படுத்திய உணவும் மிகுந்து, மீனும் காய்கனிகளும் குறைந்த உணவுமுறையின் பக்கம் ஓரளவு சாய்ந்தாலே ஏடிஎச்டி வாய்ப்பு 66 சதவீதம் கூடுதலாகத் தெரிவதாகக் கூறியது. இந்த எண்ணைக் கேட்டதும் நூறு பிள்ளைகளில் 66 பேருக்கு என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. நூற்றுக்கு ஐந்து பிள்ளைகளுக்கு வரக்கூடியது என்று வைத்துக்கொண்டால், அது எட்டுப் பேர் அளவுக்கு உயர்கிறது என்பதே பொருள். மற்ற 92 பேருக்கு வருவதில்லை. மேலும், ஏடிஎச்டி உள்ள தாய்க்கு வேளாவேளைக்குச் சமைத்து உண்பதே சிரமமாக இருக்கலாம். அவருடைய மரபணுவும் குழந்தைக்குச் செல்கிறது. அங்கே பிள்ளையைப் பாதித்தது உணவா, மரபா என்று பிரித்தெடுப்பது எளிதன்று. ஆய்வாளர்கள் இதைக் கணக்கில் சேர்க்க முயல்கிறார்கள் என்றாலும், முழுவதுமாக நீக்கிவிட முடிவதில்லை.

என் பார்வையில், நம் குடும்பங்கள் பர்கரையும் பீட்சாவையும்விட அதிகம் கவலைப்பட வேண்டியது இரத்தசோகையைப் பற்றித்தான்.

[காட்சி: சிவப்பு மாத்திரை அட்டை, அருகில் ஒரு டம்ளர் தேநீர்.]

குரல்: 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. ஸ்வீடனில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தின் 30 வாரங்களுக்குள் தாய்க்கு இரத்தசோகை கண்டறியப்பட்ட பிள்ளைகளில் 9.3 சதவீதம் பேருக்கும், தாய்க்கு இரத்தசோகை இல்லாத பிள்ளைகளில் 7.1 சதவீதம் பேருக்கும் ஏடிஎச்டி இருந்தது. 30 வாரங்களுக்குப் பிறகு வந்த இரத்தசோகையில் இந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. கவனத்தோடு நெருங்கிய தொடர்புடைய டோபமைன் என்னும் வேதிப்பொருளை மூளை உருவாக்க இரும்புச்சத்து தேவை என்பதால், மூளையின் அடித்தளம் அமையும் காலத்தில் அது குறைவது பாதிக்கலாம் என்ற விளக்கம் ஏற்கத்தக்கதாகவே இருக்கிறது.

அரசுத் திட்டத்தில் நான்காம் மாதத்திலிருந்து நாள்தோறும் கொடுக்கப்படும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. குமட்டுகிறது, மலம் கறுக்கிறது என்று அதைப் பாதியில் நிறுத்திவிடுபவர்கள் பலர். நிறுத்துவதற்கு முன் மருத்துவரிடம் சொன்னால், நேரத்தையோ மாத்திரையையோ மாற்றித் தருவார். கட்டிங் சாய் எனப்படும் அரை டம்ளர் தேநீரோடு அதை விழுங்கினால் இரும்பு உடலில் சேருவது குறையும். எலுமிச்சைச் சாற்றோடு எடுத்தால் கூடும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் அதையும் ஒரே வேளையில் சாப்பிடக் கூடாது.

அயோடினும் அப்படிப்பட்டதே. முதல் மூன்று மாதங்களில் கருவின் மூளை வளர்ச்சி தாயின் தைராய்டு ஹார்மோனையே நம்பியிருக்கிறது. அதற்கு அயோடின் வேண்டும். இந்துப்பு உடலுக்கு நல்லது என்று அயோடின் உப்பை அடியோடு விட்டுவிடும் கர்ப்பிணிகள் இதை யோசிக்க வேண்டும்.

மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பைத் தரும் மாத்திரைகளைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. மெக்சிகோவில் நடந்த சோதனையில் ஐந்து வயதில் கவனத்தில் சிறு முன்னேற்றம் தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் 2,399 பெண்களிடம் நடந்த பெரிய சோதனையில் பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியில் பயன் தெரியவில்லை. சந்தையில் தார்லி என்று விற்கும் மத்தியும், பாங்க்டா என்னும் அயிலையும் மலிவானவை, சத்தானவை. பாதரசம் சேரக்கூடிய சுறா போன்ற பெரிய மீன்களைக் கர்ப்ப காலத்தில் தவிர்த்துவிடலாம்.

[காட்சி: செங்கீரை, பழம், பால், சிறு தட்டில் பலகாரங்கள்.]

குரல்: இந்த மும்பையிலேயே 2006இல் அருமையான ஒரு சோதனை தொடங்கியது. குடிசைப் பகுதிகளைச் சேர்ந்த 6,513 பெண்களில் ஒரு பாதிக்குக் கீரை, பழம், பால் சேர்த்த பலகாரமும், மறுபாதிக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்றவற்றால் செய்த பலகாரமும், கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே நாள்தோறும் கொடுத்தார்கள். மூன்று மாதமாவது முன்னதாகத் தொடங்கியவர்களின் குழந்தைகள் சராசரியாக 48 கிராம் கூடுதல் எடையோடு பிறந்தன. கர்ப்பகாலச் சர்க்கரை நோய் மறுபாதியில் 12.4 சதவீதமாகவும், கீரைப் பலகாரம் உண்டவர்களிடம் 7.3 சதவீதமாகவும் இருந்தது. கவனத்தை அளப்பதற்காக நடந்த சோதனை அன்று இது. ஆயினும் கீரையும் பாலும் பழமும் போன்ற எளிய உணவு, கரு உருவாகும் முன்பே தொடங்கினால், தாயின் உடலில் என்ன செய்கிறது என்பதை நம் தெருக்களிலேயே காட்டியது. லால்மாட் என்று கடையில் கேட்டால் கிடைக்கும் செங்கீரையும், நாச்னி என்னும் கேழ்வரகும் எந்தச் சத்துமாவு டப்பாவுக்கும் குறைந்தவை அல்ல.

இப்போது பள்ளியிலிருந்து புகார் வந்த பிள்ளையின் தாயிடம் பேச வேண்டும். கடந்த கர்ப்பத்தைத் தோண்டிப் பார்ப்பதால் அவனுக்கு இன்று ஆகப்போவது எதுவும் இல்லை. அவனுடைய காதையும் கண்ணையும் தூக்கத்தையும் முதலில் சோதியுங்கள். சயான் மருத்துவமனையிலும் பரேல் கே.ஈ.எம். மருத்துவமனையிலும் குழந்தைநலப் பிரிவும் மனநலப் பிரிவும் இருக்கின்றன. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாத்திரையைவிடப் பெற்றோருக்கான பயிற்சியே முதல் சிகிச்சை. மருத்துவரிடம் மறக்காமல் ஒன்றைச் சொல்லுங்கள்: வீட்டில் தமிழ் மட்டும் பேசி வளர்ந்தவன், இந்தியிலும் ஆங்கிலத்திலும் நடக்கும் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான் என்று. சொல்வது புரியாத பிள்ளையும் சன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.