மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் காடும் போரும்

நேயர்களுக்கு வணக்கம்.

குள்ள நீர்யானை என்று ஒரு விலங்கு உண்டு. நாம் மிருகக்காட்சிசாலையில் பார்க்கும் பெரிய நீர்யானையைப் போலக் கூட்டமாகத் தண்ணீரில் கிடக்காது. பகலெல்லாம் சேற்றிலோ ஆற்றங்கரைப் பள்ளத்திலோ மறைந்திருந்து, இருட்டியதும் தனியே மேயப் புறப்படும். தினமும் ஒரே தடத்தில் போய் வருவதால், அடர்ந்த புதருக்குள் சுரங்கம் போல ஒரு வழி உண்டாகிவிடும். உலகத்தில் இப்போது 3,000க்கும் குறைவாகத்தான் இருக்கின்றன. அவையும் லைபீரியா, சியரா லியோன், கினி, ஐவரி கோஸ்ட் ஆகிய நான்கு நாடுகளின் மழைக்காட்டில் மட்டுமே.

இந்தக் காட்டின் வழியாகத்தான் போரும் வந்தது. 1989 டிசம்பரில் கிளர்ச்சித் தலைவர் சார்லஸ் டெய்லரின் படை ஐவரி கோஸ்டிலிருந்து லைபீரியாவுக்குள் நுழைந்தது. 1991 மார்ச்சில் லைபீரியாவிலிருந்து எல்லை கடந்து வந்த கிளர்ச்சிக்காரர்களால் சியரா லியோனும் பற்றி எரிந்தது. அங்கே 2002 வரை, லைபீரியாவில் இடையில் சிறிது ஓய்ந்து 2003 வரை. சிறுவர்கள் கையில் துப்பாக்கி கொடுத்தார்கள். ஊர் ஊராகக் கைகளை வெட்டினார்கள். வைரத்துக்காக நடந்த போர் என்று உலகம் அதை நினைவில் வைத்திருக்கிறது. வைரம் மட்டுமில்லை, மரமும் போருக்குப் பணம் கொடுத்தது. லைபீரியக் காட்டில் வெட்டிய மரம் கப்பலேறியது. அந்தக் காசு ஆயுதமாகத் திரும்பியது. 2003இல் ஐ.நா. பாதுகாப்புச் சபை லைபீரிய மரத்துக்கே தடை போட வேண்டியதாயிற்று. 2006இல் அதிபரான எல்லன் ஜான்சன் சர்லீஃப், பழைய மரம் வெட்டும் உரிமங்கள் அத்தனையையும் ரத்து செய்தார். எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு வரக் காரணம் அந்த ஒரு கையெழுத்துதான்.

போர் நடந்தால் மனிதர்கள் ஓடிவிடுவார்கள், விலங்குகள் பிழைத்துக்கொள்ளும் என்று சிலர் சொல்வதுண்டு. சில இடங்களில் மரம் அறுக்கும் இயந்திரங்கள் நின்றது உண்மைதான். ஆனால் பசித்த படைகளும் அகதிகளும் காட்டு இறைச்சியைத்தான் நம்பியிருந்தார்கள். அப்புறம் சமாதானம் வந்தது. ஆயுதத்தைக் கீழே வைத்த இளைஞர்களுக்கு வேலை எங்கே? பலர் லைபீரியாவின் முதல் தேசியப் பூங்காவான சாப்போவுக்குள் தங்கம் தோண்டப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போரை முடிப்பவர்கள் அந்தப் பையன்களின் பிழைப்பையும் சேர்த்து யோசித்திருக்க வேண்டும்.

சியரா லியோன் பக்கம் கோலா காட்டில் அதைக் கொஞ்சம் செய்து பார்க்கிறார்கள். 2011இல் அது தேசியப் பூங்கா ஆனது. காட்டைச் சுற்றியிருக்கும் 122 கிராமங்களுக்குக் கார்பன் வரவுகளின், அதாவது காட்டை அழிக்காமல் காத்துக் கரியமில வாயுவைக் குறைப்பதற்காக விற்கப்படும் சான்றுகளின், வருமானத்தில் பங்கு போகிறது. கோகோ விவசாயத்துக்கும் உதவி கிடைக்கிறது. காட்டை விட்டுவைத்தால் வீட்டுக்கு வருமானம் என்று ஆகும்போதுதான் பூங்காவின் எல்லைக்கு மரியாதை வரும் என்பது என் எண்ணம்.

தலைநகர் ஃப்ரீடவுனை ஒட்டிய மலையில் டக்குகாமா சிம்பன்சி சரணாலயம் இருக்கிறது. இலங்கையில் பிறந்து, இளம் வயதிலேயே சியரா லியோனுக்குப் போன பாலா அமரசேகரன் 1995இல் தொடங்கியது. 1988இல் ஒரு கிராமத்தில் விற்பனைக்குக் கட்டியிருந்த, நோஞ்சானான குட்டிச் சிம்பன்சியை அவர் வாங்கி வந்ததில்தான் எல்லாம் ஆரம்பம். 1997இலும் 1999இலும் போர் தலைநகருக்குள் புகுந்தபோதுகூட அங்கிருந்த ஊழியர்கள் சிம்பன்சிகளைக் கைவிடவில்லை. 2019இல் சிம்பன்சி நாட்டின் தேசிய விலங்காகவே அறிவிக்கப்பட்டது.

போரைத் தாண்டிய அந்த இடத்துக்கு இப்போது ஆபத்து வீட்டு மனைகளால் வருகிறது. சுற்றியுள்ள காட்டை வெட்டி வீடு கட்டிக்கொண்டே வருகிறார்கள். 2017 ஆகஸ்டில் அதே மலைத்தொடரில், ரீஜென்ட் பகுதியில், பெருமழையில் மலைச்சரிவு இடிந்து விழுந்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஆயிரத்துக்கும் மேல். மரம் போன சரிவு என்பதும் அதற்கு ஒரு காரணம். அதற்குப் பிறகும் வெட்டு நிற்கவில்லை. 2025 மே மாதம் சரணாலயம் காடழிப்பைக் கண்டித்துப் பார்வையாளர்களுக்குக் கதவை மூடியது. ஃப்ரீடவுன் மக்கள் குடிக்கும் கூமா அணைத் தண்ணீரும் இந்தக் காட்டிலிருந்துதான் வருகிறது.