களவு போன 300 சானெட்டுகள்

அவையோர்க்கும், முன்வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் இளைஞர்களுக்கும் வணக்கம்.

1648 வாக்கில் பிரான்சில் துய்லோ என்றொரு கவிஞர் இருந்தார். பெரிய பெயர் இல்லை. ஒருநாள், தம் காகிதங்கள் களவு போய்விட்டன, அதில் 300 சானெட்டுகள், அதாவது 14 அடிப் பாடல்கள், இருந்தன என்று புலம்பினார். அத்தனையா என்று கேட்டவர்கள் திகைத்துப்போனார்கள். அவர் விவரம் சொன்னார்: எழுதி முடித்தவை அல்ல, 14 அடிக்கும் கடைசிச் சொற்களை மட்டும் குறித்து வைத்திருந்தேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். பிறகு, இதில் ஒரு நல்ல விளையாட்டு இருக்கிறதே என்று பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் இயைபுச் சொற்களை, அதாவது அடிகளின் கடைசியில் ஒலி ஒத்துவரும் சொற்களை, கொடுப்பார். சொல்லையும் மாற்றக் கூடாது, வரிசையையும் மாற்றக் கூடாது. மற்றவர் சானெட்டை எழுதி முடிக்க வேண்டும். இதற்குப் 'பூ ரிமே' என்று பெயர் வந்தது. சாரசேன் என்ற கவிஞர் இதைத் தாக்கிக் கேலிக் காவியமே பாடினார். ஆனாலும் வழக்கம் நிற்கவில்லை. 1864-ல் நாவலாசிரியர் அலெக்சாந்தர் டூமா இந்த விளையாட்டுக்கு நாடு முழுக்க அழைப்பு விட்டார். 350 பேர் எழுதினார்கள். அடுத்த ஆண்டே அது புத்தகமாயிற்று.

இது வெறும் சொல் வித்தை, உணர்ச்சிக்கு இதில் இடமேது என்பார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். போன வாரம் ஒரு நண்பரிடம் நாலு சொல் கேட்டு வாங்கினேன். சிறகு, விறகு, இறகு, பிறகு. பறவையைப் பாடிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டாவது சொல் விடவில்லை. பறவைக்கு விறகு எதற்கு? கடைசியில் வந்தது இது:

அடுப்படியில் அம்மாவுக்கு ஏது சிறகு?
அவள்சுமந்து வந்ததெல்லாம் ஈர விறகு
ஊதுகுழல் நுனியில்வந்து ஒட்டும் இறகு
ஊதாமல் பார்த்திருந்தாள், ஊதினாள் பிறகு

அம்மாவைப் பற்றி எழுத வேண்டும் என்று நான் நினைக்கவேயில்லை. அந்த விறகுதான் என்னை அடுப்படிக்கு இழுத்துப் போனது. நானாகச் சொல் தேடியிருந்தால் வானத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பேன். பிறர் கொடுத்த சொல்லுக்கு இந்த வலிமை உண்டு. துய்லோ தமக்குத் தாமே சொல் கொடுத்துக்கொண்டார், அதுதான் அவருக்குக் குறை என்பது என் எண்ணம்.

நமக்கு இது புதிதும் அல்ல. குடத்திலே கங்கை அடங்கும் என்று ஈற்றடி கொடுத்து மடக்கப் பார்த்தார்கள் காளமேகத்தை. அவர் 'சடாம' என்று முந்தைய அடியை முடித்தார். குடம் சிவனின் சடாமகுடம், அதாவது சடைமுடி, ஆகிவிட்டது.

இங்கிலாந்தில் கவிஞர் கிறிஸ்டினா ரொசெட்டி 1848-ல், 17 வயதில், அண்ணன் வில்லியம் மைக்கேலோடு இதை ஆடினார். சொற்கள் கைக்கு வந்த பத்து நிமிடத்துக்குள் 14 அடியும் முடித்த சானெட்டுகள் உண்டு. நேரத்தை அண்ணன் குறித்து வைத்திருக்கிறார். பிற்காலத்தில் கிறிஸ்டினா எழுதிய சானெட்டுகளின் கட்டுக்கோப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பத்து நிமிடங்கள் நினைவுக்கு வரும்.

சொல் கொடுப்பவர்களுக்கு ஒன்று. கடல், அலை என்று ஒரே குடும்பத்துச் சொற்களாகக் கொடுக்காதீர்கள். ஒன்றோடொன்று ஒட்டாதவையாகப் பாருங்கள். பலகையில் நான் நாலு சொல் எழுதியிருக்கிறேன்: சாவி, ஆவி, பாவி, தாவி. நாலடி போதும். நோட்டைத் திறங்கள், பத்து நிமிடம்.