பைக்ல போனேன், நடந்தேன்னு சொல்லுது வாட்ச்! கலோரி கணக்கு எவ்வளவு நிஜம்?

[திரையில்: மணிக்கட்டில் வாட்ச், நெருக்கமாக]

மக்களே, வணக்கம். இந்த நம்பரைப் பாருங்க. 1,140 ஸ்டெப்ஸ். போன ஞாயித்துக்கிழமை தர்மபுரியில இருந்து வத்தல்மலைக்குப் போய்ட்டு வந்தேன். அத்தனை கொண்டை ஊசி வளைவையும் பைக்ல உக்காந்துகிட்டே ஏறினேன். மேல போய் ஒரு டீ, ரெண்டு வடை. நான் நடந்தது வண்டியில இருந்து டீக்கடை பெஞ்சு வரைக்கும்தான். ஆனா வாட்சு "சபாஷ்"னு பட்டாசு விடுது!

அப்போ நாள் முடிவுல அது காட்டுற கலோரி? அதைத்தான் இன்னைக்குப் பிரிச்சு மேயப் போறோம்.

கலோரின்னா என்னன்னு பாடம் எடுக்க மாட்டேன், ஸ்கூல்ல படிச்சதுதான், தாண்டிடுவோம்.

முதல்ல ஒண்ணு. வாட்ச் கலோரியை அளக்கவே இல்ல. உள்ள இருக்கிறது ரெண்டு சாமான். ஒண்ணு கை ஆட்டத்தைப் பார்க்கிற சென்சார். இன்னொன்னு பின்பக்கம் மினுக்கு மினுக்குன்னு எரியுற பச்சை லைட்டு, அது தோலுக்கு அடியில ரத்தம் ஓடுறதை வச்சு நாடித்துடிப்பை எண்ணும். இந்த ரெண்டையும், நீங்க ஆப்ல போட்ட வயசு, உயரம், எடையையும் ஒரு கணக்குல போட்டு, குத்துமதிப்பா ஒரு நம்பர் சொல்லுது. அவ்வளவுதான்.

அந்த நம்பர்ல பெரும்பங்கு நீங்க அசையாமலே வர்றது. நான் 70 கிலோ, 170 செ.மீ., வயசு 35. 1990-ல வந்த மிஃப்லின் செயின்ட் ஜியோர் சமன்பாட்டுல போட்டா சுமார் 1,590 கலோரி. நாள் பூரா போர்வைக்குள்ள கிடந்தாலும் மூச்சு விட, இதயம் துடிக்க இவ்வளவு போகும். எடை 80-ன்னு பொய் சொன்னா அதே சமன்பாட்டுல 100 கலோரி கூடிடும். வேர்வையே இல்லாம! (இதை டிப்ஸ்னு எடுத்துக்காதீங்க.)

[திரையில்: விறகடுப்பு, களிப்பானை]

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. எங்க அம்மா களி கிண்டுறது.

நம்ம பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்லவே வேணாம். கொதிக்கிற தண்ணியில ராகி மாவைக் கொட்டி, பானை அசையாம இடது கையால கவைக்குச்சியை அழுத்திப் பிடிச்சு, வலது கையில துடுப்பு போட்டுக் கிண்டணும். மாவு இறுக இறுகத் தோள்பட்டை கழண்டுடும். ஜிம்முக்குப் போற என் தம்பி பாதியிலேயே துடுப்பைக் கீழ வச்சுட்டான்.

முதல் நாள் வாட்சை அம்மாவோட இடது கையில கட்டினேன். அந்தக் கை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்குது. ஸ்டெப்ஸ் ஏறவே இல்ல. வாட்சைப் பொறுத்தவரை அம்மா சும்மா நிக்கிறாங்க. மறுநாள் வலது கை. ஐயோ! அடுப்படியில இருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்த மாதிரி ஸ்டெப்ஸ் எகிறுது. அதே அம்மா, அதே பானை, அதே ரெண்டு படி மாவு.

இன்னொரு கூத்து. அடுப்புச் சூட்டுலயே நாடித்துடிப்பு ஏறும். அது அனல்ல வந்த துடிப்பா, உழைப்புல வந்த துடிப்பான்னு வாட்சுக்குத் தெரியாது. பேய்ப்படம் பார்த்தாலும் இதே கதைதான். போதாததுக்கு, பிடியை இறுக்கும்போது மணிக்கட்டுல ரத்த ஓட்டம் மாறி, பச்சை லைட்டும் தடுமாறும்.

அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணு: "என் கைவலி இதுல தெரியுமாடா?" தெரியாதும்மா.

சரி, இது எங்க வீட்டுச் சோதனை. ஆராய்ச்சிக்காரங்க என்ன சொல்றாங்க? 2017-ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 60 பேருக்கு 7 வகை வாட்சைக் கட்டி, நடக்க, ஓட, சைக்கிள் மிதிக்க விட்டாங்க. முகத்துல மாஸ்க் போட்டு மூச்சுக்காத்தை அளந்து, நிஜக் கணக்கையும் எடுத்தாங்க. நாடித்துடிப்புல 7-ல 6 வாட்ச் 5 சதவீதத் தப்புக்குள்ள இருந்தது, பரவாயில்ல. கலோரியில? இருக்கிறதுலயே நல்ல வாட்ச் சராசரியா 27 சதவீதம் தப்பு. மோசமானது 93 சதவீதம்! கருத்த தோலுக்குத் தப்பு இன்னும் கூடுதுன்னும் அதே ஆய்வுல இருக்கு. நம்ம ஊர் வெயில்ல வெந்த கைக்கு இது முக்கியமான செய்தி. அந்த மாடல் எல்லாம் பழசாச்சு, இப்போ வர்றதுல சென்சார் தேறியிருக்கு. ஆனா கையை வச்சு மொத்த உடம்பையும் ஊகிக்கிற வேலை மாறல.

நாள் கணக்கைச் சரியா அளக்க ஒரு வழி இருக்கு. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கொஞ்சம் கனமா இருக்கிற விசேஷத் தண்ணியைக் குடிக்க வச்சு, ஒண்ணு ரெண்டு வாரம் சிறுநீரைச் சோதிப்பாங்க. துல்லியம்தான். ஆனா அந்தத் தண்ணி விலைக்கு ரெண்டு வாட்சே வாங்கிடலாம் போல, விடுங்க.

அப்போ வாட்சைத் தூக்கிப் போடணுமா? நான் போடல. "400 கலோரி எரிச்சுட்டேன், அதனால இன்னொரு உருண்டை களி"ன்னு மட்டும் கணக்குப் போடாதீங்க. 27 சதவீதம்னா அதுல 108 கலோரி கூடவோ குறையவோ இருக்கலாம். ஒரே கையில கட்டி, போன வாரத்துக்கு இந்த வாரம் அதிகமா நடந்தோமான்னு பாருங்க, அதுக்கு உதவும். பக்கத்து வீட்டுக்காரர் வாட்சோட போட்டி வேணாம்.

உங்க வீட்டுல களி கிண்டுறவங்க கையில வாட்சைக் கட்டிப் பார்த்து, வந்த நம்பரைக் கமெண்ட்ல போடுங்க. எந்தக் கைன்னும் சேர்த்து எழுதுங்க. துடுப்பை நீங்களே பிடிச்சிருந்தா, உங்களுக்கு நானே ஒரு லைக்.