மினிக்காயில் ஒரு பகல்

வணக்கம் நேயர்களே. நம் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் கரையிலிருந்து கிட்டத்தட்ட நேர் மேற்கே, சுமார் 240 கடல் மைல் ஓடினால் லட்சத்தீவுகளில் ஒன்றான மினிக்காய் வரும். அந்த ஊர்க்காரர்கள் அதை மலிக்கு என்பார்கள். நம் ஆழ்கடல் படகுகளுக்கு அந்தப் பக்கத்துக் கடல் புதிதல்ல. 2017 ஒக்கி புயலில் நம் மாவட்டத்துப் படகுகள் பல லட்சத்தீவுக் கரைகளில்தான் ஒதுங்கின. புயலுக்கு ஒதுங்குவது ஒன்று. கூட்டாளிகளோடு இறங்கிப் பகல் முழுக்கத் தீவைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புவது வேறொன்று. சுற்றிப் பார்க்க இறங்குகிறவர்களுக்கு நுழைவு அனுமதிச் சீட்டு கட்டாயம். அதை ஊரிலேயே வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

குளச்சலிலும் முட்டத்திலும் கடலடிக் காலத்தில் வள்ளம் இறக்கிப் பழகியவர்களுக்கு அலையைப் படிக்கத் தெரியும். எங்கே பாறை இருக்கிறதோ அங்கே அலை உடையும், அதை வைத்து விலகிப் போவார்கள். தாய்ப்படகை வெளியே நிறுத்திவிட்டு வள்ளத்தில் நுழையும் பவளத் தீவின் உள்கடலில், அதாவது பவளப்பாருக்கும் கரைக்கும் இடைப்பட்ட கடலில், இந்தப் படிப்பு உதவாது. வெளிப்பாரில், அதாவது வெளி ஓரத்துப் பவளத் திட்டில், அலை உடைந்து, உள்ளே வெள்ளம் (கடல்நீர்) குளம் போலக் கிடக்கும். ஒரு முழம் ஆழத்தில் பவளப்பாறை இருந்தாலும் மேலே ஒரு சுழிப்புகூடத் தெரியாது. அங்கே படிக்க வேண்டியது நிறத்தை. கருநீலம் என்றால் ஆழம். வெளிர்பச்சை என்றால் மணல்தரை, வள்ளம் ஓடும். பழுப்போ மஞ்சள் கலந்த பழுப்போ தெரிந்தால் பவளம், விலகுங்கள். பச்சைக்கு நடுவே கரும்புள்ளி தெரிந்தால் பாசியாகவும் இருக்கலாம், பாறையாகவும் இருக்கலாம். பாறை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேக நிழலும் பாறை மாதிரியே ஏமாற்றும். எஞ்சினைக் குறைத்து ஒரு நிமிஷம் நின்றால் நிழல் நகர்ந்துவிடும்.

நிறம் தெரிய வெயில் உச்சியிலோ முதுகுக்குப் பின்னாலோ இருக்க வேண்டும். லட்சத்தீவுகளில் பெரும்பாலும் நிலம் கிழக்கு ஓரத்தில், உள்கடல் மேற்கில். மினிக்காயும் அப்படித்தான். காலை எட்டு மணிக்கு மேற்கேயிருந்து நுழைந்தால் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும், வெள்ளம் முழுக்கத் தகரம் மாதிரி மின்னும், ஒரு நிறமும் பிடிபடாது. மாலை நான்கு மணிக்கு வெளியே வரும்போதும் அதே கதை. ஆகவே பத்து மணிக்கு மேல் நுழைந்து, இரண்டரைக்குள் வெளியேறுவது என்று முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மினிக்காயில் உச்சிப்பொழுது கன்னியாகுமரியை விடச் சுமார் 18 நிமிஷம் பிந்தும், அவ்வளவுதான் சலுகை. தீவில் என்ன பார்க்கலாம் என்ற பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்முனையில், ஒருவர் நிற்கட்டும். உயரமாக நின்றால்தான் தெரியும். உட்கார்ந்து பார்த்தால் வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமே. எஞ்சின் சத்தத்தில் கூப்பாடு கேட்காது, கையால்தான் காட்ட வேண்டும். நீரின் மினுமினுப்பைக் குறைக்கும் போலராய்டு கண்ணாடி ஒன்று இருந்தால் பாதி வேலை மிச்சம்.

வாயிலில், அதாவது பாருக்கு நடுவே உள்கடலுக்குள் நுழையும் திறப்பில், நீரோட்டத்தையும் கவனியுங்கள். வெளிக்கடலில் அலை பெரிதாக இருந்தால், பாரின் மேல் விழுந்த வெள்ளமெல்லாம் உள்ளே நிறைந்து வாயில் வழியாகத்தான் வெளியே பாயும். ஏற்றம் நடக்கும், அதாவது கடல்மட்டம் ஏறும், நேரத்திலும் ஓட்டம் வெளிநோக்கி இருப்பதைப் பார்த்துச் சிலர் கடிகாரத்தைச் சந்தேகப்படுவார்கள். வெளியே பாயும் நீரும் உள்ளே வரும் அலையும் முட்டுகிற இடத்தில் அலை செங்குத்தாக எழும். அங்கே சிறு வள்ளத்தை நுழைக்காதீர்கள்.

இனி கணியம். நம்மூரில் மருந்துவாழ்மலையையும் கோயில் கோபுரத்தையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்துப் பார் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்போம். தீவில் மலை கிடையாது. நிலம் கடல்மட்டத்திலிருந்து சில அடிதான், மற்றதெல்லாம் தென்னை. இருந்தாலும் கணியத்தை நாமே உண்டாக்கலாம். நுழையும்போது வாயிலின் நடுவில் வந்ததும், கரையில் நேரே ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு இடத்தை, பின்னால் இருப்பது ஒரு தென்னையாக, மனதில் வையுங்கள். கரையேறியதும் முன்னால் ஒரு கம்பில் வெள்ளைச் சாக்கு, பின்னால் அந்தத் தென்னையில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். திரும்ப நேரமாகிவிட்டாலும், சாய்ந்த வெயில் கரையில்தான் விழும், இரண்டு குறியும் பளிச்சென்று தெரியும். அமரத்தில், அதாவது வள்ளத்தின் பின்முனையில், ஒருவர் பின்னால் திரும்பி உட்கார்ந்து, சாக்கும் துணியும் ஒன்றன்மேல் ஒன்று நிற்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். சாக்கு இடப்பக்கம் விலகித் தெரிந்தால் வள்ளம் அவருடைய வலப்பக்கம் தள்ளிவிட்டது என்று பொருள். ஜிபிஎஸ் தடமும் வேண்டும். ஆனால் அதில் சில மீட்டர் பிழை இருக்கும், பாறைக்கு அந்தச் சில மீட்டர் போதும்.

மண்ணெண்ணெய் எஞ்சின் என்றால் நிறுத்துவதற்கு முன் பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓட விடுங்கள். மண்ணெண்ணெய் கார்புரேட்டரில் தங்கினால் ஆறிய எஞ்சின் மறுபடி பிடிக்காது, கயிறு இழுத்தே தோள் போய்விடும். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. ஸ்பார்க் பிளக், அதற்கான ஸ்பானர், விசிறிக்குரிய (புரொப்பெல்லர்) மாற்றுப் பின் இரண்டு, இவையும் கையோடு இருக்கட்டும்.

நங்கூரத்தை மணலில் மட்டும் போடுங்கள். பவளத்தில் போட்டால் பவளமும் நொறுங்கும், கயிறும் அறுபடும். நங்கூரத்தோடு இரண்டு மீட்டர் சங்கிலி வேண்டும். வெள்ளம் இரண்டு மீட்டர், வள்ளத்தின் விளிம்பு ஒரு மீட்டர் என்றால் மூன்றை ஐந்தால் பெருக்கி 15 மீட்டர் கயிறு விடலாம். வற்றம், அதாவது கடல்மட்டம் இறங்குவது, தொடங்கும் நேரத்தில் வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டுப் போனால், திரும்பும்போது அது மணலில் சாய்ந்து கிடக்கும். அடுத்த ஏற்றம் வரை மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். தாய்ப்படகில் எப்போதும் ஒருவர் இருக்கட்டும், விஎச்எஃப் வானொலியில் அவசர அழைப்புக்கான 16ஆம் சானல் திறந்திருக்கட்டும்.

ஆளுக்கு நான்கு லிட்டர் குடிநீர். எட்டுப் பேருக்கு 20 லிட்டர் கேன் இரண்டு. அங்கே கிணறு இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். பவளத் தீவில் மழைநீர் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. அதிகம் இறைத்தால் ஊர்க் கிணறே உவர்த்துவிடும்.

காலுக்கு மூடிய ரப்பர் ஷூ, செருப்பு வேண்டாம். கல்லோடு கல்லாகக் கிடக்கும் நச்சுமுள் மீனான கல்மீன் குத்தினால் காலைச் சுடுநீரில், சுமார் 45 டிகிரிக்கு மேல் போகாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைக்க வேண்டும். சூட்டை நல்ல காலால் சோதியுங்கள்; வலியில் இருப்பவருக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். பிறகு மருத்துவமனை. அழகான கூம்புச் சங்கு கிடந்தால் கையில் எடுக்காதீர்கள். அதன் கொட்டு உயிரையே எடுக்கும், முறிவு மருந்தும் கிடையாது. பவளம் கீறினால் நல்ல நீரில் தேய்த்துக் கழுவுங்கள்; துணுக்கு உள்ளே இருந்தால் வாரக்கணக்கில் புண் ஆறாது.

பாரில் பிடித்த பெரிய சீலா, களவா, செப்பிலி இவற்றைச் சுட்டுத் தின்னும் ஆசை வரும். பவளப்பார் மீனில் சிகுவாட்டெரா என்ற நஞ்சு சேரலாம். அது வேகவைத்தாலும் போகாது. வாய் மரமரக்கும், குளிர்ந்த நீர் சுடுவது போலிருக்கும். பெரிய மீனில்தான் ஆபத்து அதிகம். தின்ன வேண்டுமென்றால் சூரை இருக்கிறதே! நம் கடைகளில் மாசிக் கருவாடு என்று வாங்குவது அதை வேகவைத்துப் புகைபோட்டுக் காயவைத்ததுதான். மினிக்காய்க்காரர்கள் அதில் கைதேர்ந்தவர்கள்.

ஊருக்குள் நுழையுமுன் ஊர்த் தலைவரான மூப்பனிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கீழே கிடக்கும் தேங்காய்க்கும் உடையவர் உண்டு. மதுபாட்டில் வேண்டவே வேண்டாம். 1885இல் கட்டிய கலங்கரை விளக்கத்தின் மேல் ஏறக் கிடைத்தால், நீங்கள் நுழைந்த வாயிலை மேலிருந்து பாருங்கள். கீழே தெரியாத பழுப்புத் திட்டெல்லாம் அங்கிருந்து துலக்கமாகத் தெரியும். ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள்.

கிளம்பும்போது எல்லாருடைய பையையும் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். பவளம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கரையில் ஒதுங்கிய செத்த துண்டுதானே என்று பிள்ளைக்கு விளையாட எடுத்து வந்தாலும் வழக்குதான். தென்னையில் கட்டிய துணியையும் சாக்கையும் மட்டும் விட்டுவிட்டு வரலாம். அடுத்த முறை போகும்போது அவிழ்த்துக்கொள்ளலாம், அல்லது வேறொரு வள்ளத்துக்கு உதவும். வணக்கம்.