எங்கே கனக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

உடற்பயிற்சி பற்றிப் பேச ஓர் இயற்பியல் வாத்தியாரை ஏன் கூப்பிட்டார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். அழைப்பு வந்தபோது நானும் அதையேதான் கேட்டேன். நெம்புகோலையும் கப்பியையும் கரும்பலகையில் வரைந்து வரைந்தே 30 ஆண்டுகளை ஓட்டியவன் நான். இங்கே கரும்பலகை கிடையாது. ஆகவே படம் போட்டால்தான் புரியும் என்கிற சங்கதிகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். உங்கள் கை ஒன்று, தண்ணீர் நிரம்பிய பாட்டில் ஒன்று, இவை போதும்.

வீட்டில் தசைப் பயிற்சி செய்ய இயந்திரம் வாங்கலாமா, டம்பெல், பார்பெல் என்று தனி எடைகளை வாங்கலாமா? தெரிந்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. கேட்பவர் பெரும்பாலும் ஏதோ ஒன்றை மனத்துக்குள் வாங்கி முடித்திருப்பார். என் வாயால் ஒரு 'சரி' வர வேண்டும், அவ்வளவுதான். அந்தச் 'சரி'க்கு முன் நான் ஒன்று கேட்பேன். நீங்கள் வாங்கப் போகிற பொருள் எங்கே கனக்கிறது? எத்தனை கிலோ என்று கேட்கவில்லை, எங்கே என்று கேட்கிறேன். தள்ளத் தொடங்கும்போதா, பாதி வழியிலா, கை நீண்ட பிறகா? அதைவிட முக்கியமாக, இறக்கும்போது கனக்கிறதா?

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

50 வயதில் எனக்கு முதுகுவலி வந்தது. தசைகளை வலுப்படுத்துங்கள் என்றார் மருத்துவர். ஓர் இயந்திரம் வாங்கினேன். இரும்புத் தட்டே இல்லாத இயந்திரம். வில்லைப் போல வளைகிற தடிகள் முதுகுப்புறம் நிமிர்ந்து நிற்கும். அவற்றின் நுனியைக் கேபிளில் மாட்டிக் கைப்பிடியைத் தள்ளினால் தடி வளையும். ஒவ்வொரு தடியின் தலையிலும் ஓர் எண். எண்களைக் கூட்டிக்கொண்டால் எத்தனை கிலோ தள்ளுகிறோம் என்று தெரியும். தெரியும் என்று நம்பினேன்.

நான்கு மாதத்தில் 50 கிலோவுக்கு வந்துவிட்டேன். 50 வயதில் 50 கிலோ! சும்மா இருக்க முடியுமா? பேச்சோடு பேச்சாக எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். தங்கை மகனிடமும் சொன்னேன். அவன் அப்போது கல்லூரி மாணவன். அவன் அறையில் ஒரு பெஞ்சும் ஒரு பார்பெல்லும் கிடந்தன. "50ஆ மாமா? எனக்கே அதற்கு ஒரு வருடம் ஆயிற்று" என்றான். "40 போட்டுத் தருகிறேன், ஒரு தடவை தள்ளிக் காட்டுங்கள்."

கம்பி 10 கிலோ, இரு பக்கமும் 15, 15. மல்லாந்து படுத்தேன். தாங்கியிலிருந்து எடுத்தபோதே கம்பி வலப்பக்கம் சாய்ந்தது. அதைத் திருத்தப் போய் இடப்பக்கம் சாய்ந்தது. இயந்திரத்தில் ஒருநாளும் இப்படி ஆனதில்லை. ஒருவழியாக நேராக்கி நெஞ்சுக்கு இறக்கினேன். இறங்கியது. இறங்கிய இடத்திலேயே இருந்துவிட்டது. தள்ளுகிறேன், தள்ளுகிறேன், நெஞ்செலும்பின் மேல் கம்பியின் சொரசொரப்பு மட்டும்தான் தெரிகிறது. "மூச்சை அடக்காதீர்கள் மாமா" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் தூக்கித் தாங்கியில் வைத்தான். அவன் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும், பயணப் பெட்டியை நிறுக்கும் கொக்கித் தராசைத் தேடி எடுத்தேன். இயந்திரத்தின் இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்துக் கட்டி, தராசை அதில் மாட்டி, நானும் மனைவியும் இழுத்தோம். மகள் எண்ணை வாசித்தாள். கை நெஞ்சருகே இருக்கிற தொடக்க இடத்தில் 14 கிலோ. பாதி வழியில் 30. கை முழுக்க நீளப் போகிற கடைசி நாலு விரற்கடையில்தான் 48. பார்பெல் என் நெஞ்சின் மேல் 40 கிலோவாக உட்கார்ந்திருந்த அதே இடத்தில், என் இயந்திரம் எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது வெறும் 14.

தடியில் எழுதியிருந்ததைப் பொய் என்று சொல்ல மாட்டேன். முழுக்க வளைந்தால் அது ஏறக்குறைய 50தான். அதை முழுத் தூரத்துக்குமான எண்ணாக எடுத்துக்கொண்டது என் தப்பு. எவ்வளவு இழுக்கிறாயோ அவ்வளவு எதிர்க்கும் என்பது ராபர்ட் ஹூக் 1678இல் அச்சிட்டு வெளியிட்ட விதி. ஆண்டுதோறும் ஜூன் மாதம் ஒன்பதாம் வகுப்புக்கு நானே அதை நடத்தியிருக்கிறேன்! பாடத்தில் இருந்தது வீட்டுக் கூடத்தில் நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

இப்போது அந்தப் பாட்டிலை எடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கையைத் தொங்கவிட்டு, முழங்கையை மடக்கி மெல்ல உயர்த்துங்கள். தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது. முன்கை தரைக்கு இணையாகப் படுத்திருக்கிற இடத்தில் நிறுத்தி, 30 வரை எண்ணுங்கள். அங்கே கனக்கும். இன்னும் மேலே தோளருகே கொண்டுபோனால் மறுபடி லேசாகிவிடும். பாட்டிலின் எடை மாறவேயில்லை. முழங்கையிலிருந்து அது எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதுதான் மாறியது. ஆக, டம்பெல்லும் வழி முழுக்க ஒரே மாதிரி கனப்பதில்லை. இதைச் சொல்லாமல் விட்டால், இயந்திரத்தின் மேல் எனக்கு ஏதோ கோபம் என்று நினைத்துவிடுவீர்கள்.

கோபம் இல்லை. பஸ்கி எடுத்துப் பாருங்கள். முழுக்க உட்கார்ந்த நிலையிலிருந்து எழும்பும் அந்தத் தொடக்கம்தான் பாடாய்ப் படுத்தும். பாதிக்கு மேல் வந்துவிட்டால் கால் தானே நிமிர்ந்துவிடும். பார்பெல்லைத் தோளில் வைத்துப் பஸ்கி எடுப்பவருக்கு எடை அவர் பலவீனமாக இருக்கும் இடத்திலேயே வாட்டுகிறது, பலமாக இருக்கும் இடத்தில் சும்மா கூடவே வருகிறது. ரப்பர் பட்டையோ வளையும் தடியோ இதற்கு நேர்மாறு: பலவீனமான இடத்தில் விட்டுக்கொடுக்கும், பலமான இடத்தில் பிடிக்கும். இதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. 1970இல் அமெரிக்காவில் ஆர்தர் ஜோன்ஸ் என்பவர் சந்தைக்குக் கொண்டுவந்த இயந்திரத்தில் கப்பி வட்டமாக இருக்காது. நத்தைக் கூடு போல ஒருபக்கம் புடைத்திருக்கும். தசை எங்கே வலுவாக இருக்கிறதோ அங்கே பளுவும் கூடட்டும் என்பது அவர் கணக்கு. அந்த வடிவத்தை வைத்தே இயந்திரத்துக்கு 'நாட்டிலஸ்' என்று ஒரு கடல் உயிரியின் பெயரும் வந்தது.

சரி, இறக்குவதற்கு வருகிறேன். என் வீட்டில் இதை நான் தொடங்கினால் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் எழுந்து போனாலும் எனக்குத் தெரியாது என்பது வானொலியின் வசதி.

பத்து மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆனால் மறுநாள் தொடை பிடித்துக்கொண்டு நொண்டுவது எதனால்? பெரும்பாலும் இறங்கியதனால். தசை சுருங்கிக்கொண்டே பளுவைத் தூக்குவது ஒரு வேலை. நீண்டுகொண்டே பளுவைத் தாங்கி இறக்குவது வேறொரு வேலை. தூக்க முடிந்ததைவிட அதிகப் பளுவை நம்மால் மெல்ல இறக்க முடியும். நாற்காலியில் பொத்தென்று விழாமல் உட்காருவதும், குழந்தையைத் தொட்டிலில் அலுங்காமல் கிடத்துவதும் இந்த இரண்டாவது வேலைதான். பயிற்சியில் பாதி இதுவே. ஆனால் டம்பெல்லைத் தூக்கியதும் 'ஒன்று' என்று எண்ணிவிட்டு, கீழே வருவதைக் கணக்கிலேயே சேர்க்காதவர்கள்தான் அதிகம்.

தனி எடையிடம் இந்தப் பாதி ஏய்க்காமல் கிடைக்கும். 10 கிலோ மேலே போகும்போதும் 10 கிலோ, கீழே வரும்போதும் 10 கிலோ. அடுக்கிய இரும்புத் தட்டுகளைக் கப்பி வழியாக இழுக்கும் கேபிள் இயந்திரத்தில் அப்படி இல்லை. கிணற்றில் இறைத்தவர்களுக்குத் தெரியும்: கப்பி துருப்பிடித்திருந்தால் மேலே இழுக்கத் தோள் கழன்றுவிடும், ஆனால் நிறைந்த வாளியைத் திரும்ப உள்ளே விடும்போது கயிறு கையில் அவ்வளவாகக் கனக்காது. உராய்வு போகும்போது நமக்கு எதிரி, வரும்போது கூட்டாளி. நண்பர் ஒருவர் வீட்டுக் கேபிள் இயந்திரத்திலும் என் கொக்கித் தராசை மாட்டினேன். (தராசோடு போனால் யாரும் காப்பி கொடுப்பதில்லை.) எத்தனை தட்டு எழும்ப வேண்டும் என்பதற்காக அவர் குத்தியிருந்த ஊசி 20 கிலோத் தட்டில் இருந்தது. நகரும் கப்பி ஒன்று நடுவில் இருந்ததால் கைக்கு வர வேண்டியது அதில் பாதி, 10. மெல்ல இழுத்தபோது 12, மெல்ல விட்டபோது 8. எண்ணெய் போட்ட பிறகு இரண்டும் 10ஐ நெருங்கி வந்தன. ஆகவே ஒரு வீட்டு இயந்திரத்தின் 20 கிலோவை இன்னொரு வீட்டு இயந்திரத்தின் 20 கிலோவோடு ஒப்பிட்டுச் சண்டை போடாதீர்கள்.

ரப்பரும் வாங்கியதை முழுக்கத் திருப்பித் தராது. நீங்கள் போட்ட உழைப்பில் ஒரு பங்கு அங்கே சூடாகப் போய்விடுகிறது. எண்ணெய் உருளை வைத்த ஹைட்ராலிக் இயந்திரங்களோ இறக்கும் பாதியை அடியோடு எடுத்துவிடுகின்றன. தள்ளும்போது எதிர்க்கும், திரும்ப வர வேண்டுமென்றால் அந்தப் பக்கமும் நாமே இழுக்க வேண்டும். மறுநாள் வலி குறைவு என்று அதை விரும்புபவர்கள் உண்டு. வலி ஏன் குறைவு என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

தனி எடை கொஞ்சமும் பயன்படாத இடம் ஒன்று உண்டு. விண்வெளி நிலையம். அங்கே 100 கிலோ பார்பெல்லை ஒரு விரலால் நகர்த்தலாம். ஆனால் அங்கே இருப்பவர்களுக்குத்தான் தசைப் பயிற்சி உயிர் போகிற அவசியம். எடையில்லாமல் மிதந்தால் எலும்பும் தசையும் கரையும். 2000இல் மீள்தன்மை கொண்ட பொருளை உள்ளே வைத்த ஓர் இயந்திரத்தை அனுப்பினார்கள். அதன் எதிர்ப்பு போதவில்லை. 2008இல் வேறொன்று போயிற்று. அதில் வெற்றிட உருளைகள். 270 கிலோ வரை எதிர்க்கும். கூடவே சுழல் சக்கரங்களையும் பொருத்தினார்கள். எதற்குத் தெரியுமா? பூமியில் பார்பெல்லைத் தூக்கும்போது தொடக்கத்தில் நகர மறுத்து, நகர்ந்தபின் நிற்க மறுக்கிறதே, அந்தக் குணத்தைக் கொண்டுவருவதற்கு! இயந்திரத்தை விட்டால் வேறு வழியே இல்லாத இடத்தில்கூட, இரும்புக் குண்டைப் போல நடந்துகொள் என்றுதான் இயந்திரத்தைப் பழக்கினார்கள். அது வந்தபின் விண்வெளி வீரர்களின் எலும்பு முன்பைவிட நன்றாகக் காக்கப்பட்டது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தங்கை மகனின் கம்பி வலப்பக்கம் சாய்ந்தது நினைவுக்கு வரும்.

அந்தச் சாய்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். இயந்திரம் பாதையைத் தானே பிடித்துக்கொள்கிறது, நாம் தள்ளினால் போதும். தனி எடையில் பாதையும் நம் பொறுப்பு. ரயிலில் மேல் தட்டுக்குப் பெட்டியை ஏற்றுகிறவருக்கு எந்தக் கம்பியும் வழிகாட்டுவதில்லை, அங்கே உதவுவது இரண்டாவது பழக்கம். ஆனால் தசை பருப்பதில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2023இல் வெளிவந்த ஒரு கட்டுரை சொல்கிறது. வலிமையில் மட்டும், எதில் பழகினீர்களோ அதில் சோதித்தால் கூடுதலாகத் தெரியும். எனக்கு நேர்ந்ததும் அதுதானே.

எதிரே கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். முதியவர்களைப் பற்றித்தான் இன்று அதிகம் பேச நினைத்திருந்தேன். வேகமாகச் சொல்கிறேன். 1990இல் வெளிவந்த ஆய்வு ஒன்று. முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதையொட்டிய, தளர்ந்துபோன பத்துப் பேர். எட்டு வாரம் கால் தசைக்குக் கடுமையான எடைப் பயிற்சி. கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. ஆகவே வயதாகிவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டாம். நிற்கும்போது தள்ளாடுகிறவர்கள் உட்கார்ந்து செய்யும் இயந்திரத்தில் தொடங்கட்டும், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு. வாரத்தில் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தனியாக இருக்கும்போது பார்பெல்லை நெஞ்சுக்கு மேல் தள்ளாதீர்கள். டம்பெல் என்றால் பக்கவாட்டில் போட்டுவிடலாம். தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால் கம்பி முனையில் பூட்டுப் போடாதீர்கள், மாட்டிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்துத் தட்டுகளை நழுவவிட்டு வெளியே வரலாம். மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் எகிறும். கேபிள் வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு முறை விரலால் நீவிப் பாருங்கள். மேலுறை வெடித்து உள்ளே கம்பி இழை தட்டுப்பட்டால் அன்றே மாற்றிவிடுங்கள், கொக்கி மாட்டியிருக்கும் இடத்தில்தான் முதலில் போகும். தம்பி எழுந்தே நின்றுவிட்டார். வணக்கம்.