ஒரு கிதார், ஒரு டபுள் பேஸ், 150 சங்கீதம்

வணக்கம், எல்லாரும் நல்லா இருக்கீங்களா? ஹெட்ஃபோன் பக்கத்துல இருந்தா எடுத்து வச்சுக்குங்க. இன்னைக்கு நான் சொல்லப்போற பாட்டெல்லாம் சத்தமா வச்சுக் கேக்குற பாட்டு இல்ல.

அமெரிக்காவோட கிறிஸ்தவப் பாட்டுன்னா நமக்கு வந்து சேர்றது பெரிய மேடை, லைட்டு, டிரம்ஸ், கையைத் தூக்கி நிக்கிற கூட்டம், அவ்வளவுதான். அதே ஊர்ல வீட்டுத் திண்ணையில உக்காந்து பாடுற மாதிரி பாடுறவங்களும் இருக்காங்க. கிதார், பேஸ், குரல். கம்பியில விரல் உரசுற சத்தம்கூட காதுல விழும்.

புவர் பிஷப் ஹூப்பர்னு ஒரு ஜோடி. ஜெஸ்ஸி ராபர்ட்ஸ், லியா ராபர்ட்ஸ், புருஷன் பொண்டாட்டி, கான்சஸ் சிட்டிக்காரங்க. அவர் கிதார். அந்தம்மா டபுள் பேஸ். ஆள் உசரத்துக்கு இருக்குமே, நின்னுக்கிட்டே வாசிக்கிறது, அதேதான். 2020 ஜனவரியில ஆரம்பிச்சாங்க: பைபிள்ல சங்கீதம்னு ஒரு புஸ்தகம், அதுல 150 ஜெபப் பாட்டு இருக்கு. வாரம் ஒரு சங்கீதம், அதுக்கு மெட்டுப் போட்டு ஒரு பாட்டு, மொத்தம் 150. அடுத்த ரெண்டு மாசத்துல கொரோனா வந்து சர்ச் கதவெல்லாம் சாத்தியாச்சு. இவங்க நிறுத்தல. 2022 கடைசி வாக்குல 150-ம் முடிச்சாங்க. காசு கேக்காம இலவசமாவே குடுத்தாங்க.

இதுல என்னைப் பிடிச்சு உலுக்கினது என்னன்னா, ஒண்ணைக்கூட விடல. யோசிச்சுப் பாருங்க, 23-ம் சங்கீதம் எல்லாரும் பாடுவாங்க. 176 வசனம் இருக்கிற 119-ஐ யாரு தொடுவா? பாபிலோன் மேல பழிவாங்கச் சொல்லி முடியுற 137-ஐ? 88-ஐ? அந்த 88-ல ஒரு ஆறுதல் வரிகூடக் கிடையாது. கூப்பிடுறேன், கூப்பிடுறேன், பதிலே இல்லைன்னு அப்படியே நின்னுடும்.

போன வருஷம் அம்மா ஐசியூல இருந்தப்ப வாசல்ல ராத்திரி ரெண்டு மணிக்கு நான் கேட்டது அந்த 88 தான். பாக்க வந்தவங்க எல்லாரும் "தைரியமா இரு"ன்னு சொன்னாங்க, தப்பே இல்ல. ஆனா எனக்கு அன்னைக்கு தைரியம் வேணாம், கூட உக்காந்து அழ ஒரு ஆள் வேணும். அந்தப் பாட்டு உக்காந்துச்சு.

இந்த வழியில இவங்க மட்டும் இல்ல. ஜோஷ் கேரல்ஸ்னு ஒரு பாடகர், 2011-ல ஒரு முழு ஆல்பத்தையே ஒரு வருஷம் இலவசமா விட்டாரு. அந்த வருஷத்தோட சிறந்த ஆல்பம்னு 'கிறிஸ்டியானிட்டி டுடே' பத்திரிகை அதைத்தான் எடுத்துச்சு. டெக்சாஸ் ஆஸ்டின்ல ஜோன் குவெரா. 2020-ல வந்த அவரோட 'கீப்பர் ஆஃப் டேஸ்' ஆல்பம் கேளுங்க. தன் பாட்டை அவர் தியானப் பாட்டுன்னுதான் சொல்றாரு. சபையே சேர்ந்து பாடுறதுக்குன்னு இல்ல, ஒத்தை ஆள் தனியா ஜெபம் பண்ற மாதிரி இருக்கும்.

ரேடியோவுல இவங்க பாட்டு ஓடுறது கம்மி. காரு ஓட்டிக்கிட்டே கேக்குறவங்களுக்கு உற்சாகமான பாட்டு வேணும், புரியுது. ஆனா சங்கீத புஸ்தகத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல புலம்பல்தானே? அதை யாராவது பாடணும்ல?

88-ஐ ராத்திரி கேளுங்க, லைட்டை அணைச்சுட்டு. பாடி முடிஞ்ச உடனே அடுத்த பாட்டுக்குத் தாவாதீங்க, கொஞ்ச நேரம் அப்படியே இருங்க. அடுத்த வாரம் ஜோன் குவெரா பாட்டு ஒண்ணை கிதார்ல வாசிச்சுக் காட்டுறேன்.