மர நிழலில் ஒரு கூட்டுத் தோட்டம்

நேயர்களுக்கு வணக்கம். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு துண்டு நிலத்தில் காய்கறி போடுகிறார்கள். ஒரு பக்கம் வரிசையாக உயர்ந்த மரங்கள். வழக்கமாக நடப்பது இதுதான்: கயிறு பிடித்து நிலத்தைச் சமமாக அளந்து, சீட்டுப் போட்டு ஆளுக்கொரு பாத்தி என்று பிரித்துக்கொள்வார்கள். பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மரத்தடிப் பாத்தி கிடைத்தவர் ஒரே பருவத்தில் மனம் விட்டுப்போய் ஒதுங்கிவிடுவார். அவரிடம் குறை ஒன்றும் இல்லை, அந்தப் பாத்திக்கு வெயில் இல்லை. அதனால் இப்படிப்பட்ட இடத்தில் நிலத்தைப் பங்கு போடாதீர்கள், வெயிலைப் பங்கு போடுங்கள் என்பதுதான் என் கருத்து.

வெயிலை அளப்பது சுலபம். மேகமில்லாத ஒரு நாளில் காலை முதல் மாலை வரை மணிக்கொரு தடவை போய், நிழலின் விளிம்பில் ஒரு குச்சி நடுங்கள். எந்த இடத்துக்கு எத்தனை மணி நேரம் நேர் வெயில் வருகிறது என்பதைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். ஒரு நாளோடு இது முடியாது. பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பவர்களுக்கு டிசம்பரில் மரத்தின் நிழல் வடக்கே நீண்டு கிடக்கும். ஜூனில் சுருங்கிவிடும், ரேகையை ஒட்டிய ஊர்களில் தெற்குப் பக்கமே திரும்பிவிடும். ஆகவே பருவத்துக்கொரு படம் வேண்டும்.

படம் கையில் இருந்தால் பயிர் தானாகவே முடிவாகிவிடும். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை போன்ற காய்ப்பயிர்களுக்கு 6 முதல் 8 மணி நேர நேர் வெயில் வேண்டும். முள்ளங்கி, பீட்ரூட், கேரட் 4, 5 மணி நேரத்திலும் வரும், கிழங்கு கொஞ்சம் சிறுத்திருக்கும். 3, 4 மணி நேரம்தான் என்றால் கொத்தமல்லி, புதினா, பாலக், லெட்யூஸ். கோடையில் இவற்றுக்கு நிழல் நல்லதும்கூட. சீக்கிரம் பூவெடுத்துக் கசந்துபோகாது. இஞ்சி, மஞ்சள், சேப்பங்கிழங்கும் அரை நிழலைத் தாங்கும். "கீரைதானே, எங்கே போட்டாலும் வரும்" என்று மட்டும் நினைக்காதீர்கள். தண்டுக்கீரையும் சிறுகீரையும் நல்ல வெயில் கேட்பவை. நிழலில் கத்தரி வைத்தால் என்ன ஆகும்? கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, தண்டு மெலிந்து, வெளிச்சம் வரும் பக்கம் சாயும். பூ வரும், காம்போடு உதிரும். அதைப் பார்த்து உரம் குறைச்சல் என்று அள்ளிப் போடுவார்கள். தழைச்சத்து கூடினால் செடி இன்னும் நெட்டையாகி, பூச்சிக்குத்தான் இளசாக நிற்கும்.

இனி வேர். நிழலை எல்லோரும் பார்க்கிறோம், வேரை யாரும் பார்ப்பதில்லை. மரத்தின் உறிஞ்சு வேர்கள் பெரும்பாலும் மேல் மண்ணில், ஒன்றரை அடிக்குள்ளேதான் பரவிக் கிடக்கும். கிளை முடியும் எல்லையையும் தாண்டி ஓடும். நன்றாக மக்கு உரம் போட்ட பாத்தியை ஒரு பருவம் கழித்துக் கொத்திப் பாருங்கள், முடி முடியாக வேர் பின்னிக் கிடக்கும். நீங்கள் ஊற்றிய தண்ணீரில் பெரும்பங்கை மரம் குடித்திருக்கும். லேசான மழையில் இன்னொரு விஷயமும் தெரியும். வெளியே மண் நனைந்திருக்கும்போது மரத்தடியில் விரலை விட்டால் புழுதியாக இருக்கும். மழையை இலைகளே பிடித்துக்கொள்ளும். நிழலான இடத்துக்குத் தண்ணீர் குறைவாகப் போதும் என்று நம்பி ஏமாறுவது இங்கேதான்.

அதற்காக வேரை வெட்டப் போகாதீர்கள். பெரிய வேர்களை வெட்டினால் மரம் நோய்ப்படும், பலத்த காற்றில் சாயவும் கூடும். அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் குவித்து உயர்த்துவதும் ஆபத்து. வேருக்குக் காற்று போகாது, பட்டை அழுகும். மேடைப் பாத்தி போட்டாலும் அடியிலிருந்து வேர் ஏறி வந்துவிடும். நான் சொல்வது, மரத்தை ஒட்டிய பகுதியில் தரையில் பயிரே வேண்டாம். செங்கல் மேல் தூக்கி வைத்த தொட்டிகளோ பைகளோ போதும். நாற்றுகளை வெயிலுள்ள முனையில் வளர்த்துத் தேறியபின் இங்கே மாற்றலாம். கருப்பு வால்நட் மரமாக இருந்தால் இன்னும் தள்ளியே இருங்கள்; அதன் வேரிலும் இலையிலும் உள்ள ஜுக்லோன் என்ற பொருள் தக்காளி, உருளைக்கிழங்கு, கத்தரியை வாட வைத்துவிடும்.

மற்ற மரங்களின் சருகை எரிக்க வேண்டாம். ஈரமாகக் குவித்து வையுங்கள், ஓரிரண்டு வருடத்தில் மக்கி, தண்ணீரைப் பிடித்து வைக்கும் அருமையான மண்ணாகும். அதுவரை மூடாக்காகவும் போடலாம். நிழலில் இலை ஈரம் சீக்கிரம் காயாது, அதனால் காலையிலேயே, வேரடியில் மட்டும் தண்ணீர் விடுங்கள். செடிகளை வழக்கத்தைவிடக் கொஞ்சம் இடைவெளி விட்டு நடுங்கள்.

சரி, பங்குக்கு வருவோம். வெயிலுள்ள பகுதியை எல்லோருக்கும் பொதுவாக வையுங்கள். தக்காளியும் கத்தரியும் அங்கே கூட்டாக விளையட்டும், பறிப்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். அரை நிழல் பகுதியை வேண்டுமானால் ஆளுக்கொரு பாத்தியாகக் கொடுக்கலாம். அவரை, பாகல் பந்தலைப் பக்கத்துப் பாத்தியின் மேல் நிழல் விழாத பக்கம் போட வேண்டும் என்பதை முதல் கூட்டத்திலேயே பேசி எழுதிவிடுங்கள். தாழ்ந்த கிளை ஒன்றிரண்டைக் கழிக்க வேண்டியிருந்தால், மரத்துக்கு உரியவரிடம் முன்கூட்டியே கேட்டு, விவரம் தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள். ஒரு கிளை போனால் வெயில் படம் மாறும். அன்றைக்கே குச்சிகளை மறுபடி நட்டுப் பாருங்கள். வணக்கம்.